தாய் தெரியாத தலைப்பிரட்டை

விடியுமுன்பே போடிநாயக்கனூரிலிருந்து ஏலத் தோட்டங்களுக்கு ஜீப்புகள் புறப்பட்டுவிடும். போடிமெட்டு ஏறி, பூப்பாறை, நெடுங்கண்டம் வழியே சென்றால் கட்டப்பனை வரும். ஏலமலையிலுள்ள இவ்வூரின் பெயர் 2003 அக்டோபரில் உலக விலங்கியல் ஏடுகளில் இடம்பெற்றது. காரணம் ஒரு தவளை. பார்வைக்கு உப்பிய தேரை. முகமோ பன்றி மூக்கை நினைவூட்டுவது. ஆனால் இதன் வரலாறு அதற்கு எண்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

கல்கத்தாவில் 1916இல் நிறுவப்பட்ட இந்திய விலங்கியல் அளவைத் துறையின் முதல் இயக்குநர் நெல்சன் அன்னண்டேல். பெங்களூர் சென்ட்ரல் கல்லூரிப் பேராசிரியர் சி.ஆர். நாராயண ராவ். இவ்விருவரும் 1917-18இல் தென்னிந்திய மலையோடைகளின் விந்தையான தலைப்பிரட்டை ஒன்றை விவரித்தனர். குளத்துத் தலைப்பிரட்டையை மலையருவியில் விட்டால் அடித்துச் செல்லப்படும். இதற்கோ வாய் உடலின் அடிப்புறத்தில் உறிஞ்சிபோல் விரிந்திருக்கும். அதைக் கொண்டு வழுக்குப் பாறையை இறுகப் பற்றி, பாசியைச் சுரண்டித் தின்னும். வெள்ளம் மேலே பாய்ந்தாலும் பிடி விடாது.

இது வளர்ந்து என்ன தவளையாகும்? அப்போது தெரியவில்லை. குழந்தை கையில் இருக்கிறது, தாயைக் காணோம்!

தாய் மண்ணுக்கடியில் இருந்தது. ஏறக்குறைய ஆண்டு முழுவதும் நிலத்துக்குள் கரையான் தின்று வாழும் இத்தவளை, மழை தொடங்கும் வேளையில் சில நாட்களே வெளிவந்து, ஓடைப் பாறைக் குழிகளில் முட்டையிட்டு, மீண்டும் மண்ணில் மறைந்துவிடும். மழைக்கு ஒதுங்கி நின்ற அறிஞர்களுக்கு அது எப்படி அகப்படும்? மலைவாசிகள் அதை முன்பே அறிந்திருந்தனர் என்பதையும் சொல்லவேண்டும். கேரளத்தில் 'மாவேலித் தவளை' என்று பெயரே உண்டு. பாதாளத்திலிருந்து ஆண்டுக்கொருமுறை வரும் மாவேலி மன்னனுக்கு இதைவிடப் பொருத்தமான உவமை ஏது?

எஸ்.டி. பிஜுவும் பெல்ஜிய அறிஞர் ஃபிராங்கி பொசுயிட்டும் கட்டப்பனையில் கிடைத்ததை ஆராய்ந்து, 'நாசிகபட்ராகஸ் சகியாத்ரென்சிஸ்' எனப் பெயரிட்டனர். 'நாசிகா' என்பது நம் நாசிதான். இதன் நெருங்கிய உறவினர் இந்தியாவில் இல்லை. கடலுக்கப்பால் செஷல்ஸ் தீவுகளில் உள்ளனர். இந்தியாவும் அத்தீவுகளும் ஒரே நிலப்பரப்பாய் இருந்த காலத்து உறவு இது. இருவரின் மரபுகளும் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டன. பழைய தலைப்பிரட்டையின் தாய் யாரென்பதும் இப்போதுதான் விளங்கிற்று.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்குண்டு. போடிக்குத் தெற்கே, மலையின் கிழக்குச் சரிவில், ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயத்தில் கிடைத்த தவளை 2017இல் தனி இனமாக அறிவிக்கப்பட்டது. மேற்கிலுள்ள இனம் தென்மேற்குப் பருவமழையை நம்பி முட்டையிடும். இதுவோ வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருக்கும். ஒரே மலை, இரு மழை, இரு தவளைகள்!

தலைப்பிரட்டைகள் வளர்ந்து கரையேற மூன்று மாதங்களுக்கு மேலாகும். அதுவரை ஓடை வற்றலாகாது. ஏலத்துக்காகவும் காப்பிக்காகவும் காடு சுருங்கிவிட்டது. தடுப்பணைகள் ஓட்டத்தை நிறுத்துகின்றன. இடுக்கியில் சிலர் இத்தலைப்பிரட்டைகளைப் பாறையிலிருந்து எடுத்து உண்பதும் 2015இல் பதிவாகியுள்ளது.

கிழக்குச் சரிவுத் தவளையின் பெயர் 'நாசிகபட்ராகஸ் பூபதி'. கோவை சலீம் அலி பறவையியல் மையத்தில் பணியாற்றி, 2014இல் அகத்தியமலைக் களப்பணியில் விபத்துக்குள்ளாகி மறைந்த எஸ். பூபதியின் நினைவாக இட்ட பெயர் அது.