கடல்மேல் ஒரு கண்ணாடிப் பாதை

நண்பர்களே, நாம் படித்த காலத்தில் கன்னியாகுமரி என்றால் படகும் பாறையுந்தான். விவேகானந்தர் மண்டபம் 1970-ல் திறக்கப்பட்டது. பக்கத்துப் பாறையில் 133 அடி வள்ளுவர் சிலை 2000 ஜனவரி 1-ல் திறக்கப்பட்டது. இரண்டுக்கும் நடுவே கூப்பிடு தூரந்தான். ஆனாலும் நீர்மட்டம் தாழ்ந்தாலோ கடல் கொந்தளித்தாலோ சிலைக்குப் படகு போகாது. வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரர்களுக்கு மண்டபத்தில் நின்றபடியே வள்ளுவரைக் காட்டி அனுப்பியிருக்கிறோம்.

அந்தக் குறை 2024 டிசம்பர் 30-ல் தீர்ந்தது. சுமார் 37 கோடி ரூபாய் செலவில், 77 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமுமாகக் கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்டது.

"கண்ணாடி உடைஞ்சா என்ன செய்ய மக்கா?" என்று நம் வீட்டு ஆச்சிமார் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பாலத்தின் பாரத்தைத் தாங்குவது வில்போல் வளைந்த உருக்குக் கட்டுமானம். நடக்கிற தளத்துக்குப் போடும் கண்ணாடியோ அடுக்கடுக்காக, இடையே படலம் வைத்து ஒட்டப்படுவது. ஓர் அடுக்கில் கீறல் விழுந்தாலும் மற்றவை தாங்கும்.

2025-ல் அதுவும் நடந்தது. பராமரிப்பு வேலையில் மேலிருந்து ஒரு சுத்தியல் விழுந்து, ஒரு கண்ணாடியில் கீறல் விட்டது. பாலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பாடம் பெரிது. சுத்தியலைக் கயிற்றில் கட்டிக்கொள்கிற கை, கீழே ஆள் வராமல் பார்க்கிற கண், இரண்டும் சேர்ந்ததுதான் பாதுகாப்பு.

அடுத்த சந்திப்பில் எல்லோரும் அதில் நடப்போம். நடக்கும்போது, கல்வெட்டில் பெயர் வராத அந்தத் தொழிலாளர்களையும் ஒரு நிமிஷம் நினைப்போம்.