மூன்று ஆட்டங்கள், ஒரு கோல்

ஜிம்மி கிளாஸ் 1973இல் லண்டனுக்குத் தெற்கே எப்சம் நகரில் பிறந்தவர். கிரிஸ்டல் பேலஸ் கால்பந்து கிளப்பில் கோல்கீப்பராக வளர்ந்தும், அதன் முதல் அணிக்காக ஒரு லீக் ஆட்டத்தில்கூட இறங்கவில்லை. கோல்கீப்பர் தொழிலில் இது சகஜம். அணியில் அந்த இடம் ஒன்றே ஒன்று. முதலாமவர் காயப்படாமலும் சொதப்பாமலும் இருக்கும்வரை இரண்டாமவர் காத்திருக்க வேண்டியதுதான். 1996இல் போர்ன்மவுத்துக்குப் போன பிறகே கிளாஸுக்கு நிலையான இடம் கிடைத்தது. இரண்டு சீசன்களில் தொண்ணூறுக்கும் அதிகமான லீக் ஆட்டங்கள். 1998இல் கீழ் டிவிஷன் கிளப்புகளுக்கான கோப்பையின் இறுதியாட்டத்தில், வெம்ப்ளியில் ஆடினார். கிரிம்ஸ்பி டவுனுக்கு எதிரான அந்த ஆட்டத்தில் அவர் பெயரில் ஒரு சேம் சைடு கோல் விழுந்தது. போர்ன்மவுத் 2-1 எனத் தோற்றது.

அதே ஆண்டு ஸ்விண்டன் டவுனில் சேர்ந்தார். அங்கே இடம் நிலைக்கவில்லை.

இதற்கிடையே இங்கிலாந்தின் வடமேற்கு எல்லையில் கார்லைல் யுனைடெட் தத்தளித்துக்கொண்டிருந்தது. 1974-75 சீசனில் நாட்டின் முதல் டிவிஷனில் ஆடிய கிளப் அது. 1999இல் லீகின் கடைசி அடுக்கான நான்காம் அடுக்கின் அடிமட்டத்தில் கிடந்தது. அதன் தலைவர் மைக்கேல் நைட்டன், 1989இல் மான்செஸ்டர் யுனைடெட்டை வாங்கப்போவதாக அறிவித்து, அதன் மைதானத்தில் பந்தைத் தட்டிக் காட்டிவிட்டுக் கடைசியில் வாங்காமல் போனவர். சீசன் முடியும் தறுவாயில் கார்லைல் தன் கோல்கீப்பர் டோனி கெய்கை பிளாக்பூலுக்கு விற்றது. பதிலுக்குக் கடனாக வந்தவரை டெர்பி கவுண்டி திரும்ப அழைத்துக்கொண்டது. ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் கெடு அதற்குள் முடிந்திருந்ததால், லீகின் சிறப்பு அனுமதியோடு ஸ்விண்டனிலிருந்து கிளாஸைக் கடன் வாங்கினார்கள். கையில் இன்னொரு கோல்கீப்பரை வைத்துக்கொள்ளாமல் இருந்தவரை விற்றதை நிர்வாகம் என்று சொல்வது கடினம்.

கடைசி இடத்தில் முடிக்கும் கிளப்பை அப்போது எந்தச் சமாதானமும் காப்பாற்றாது. 1987க்கு முன்பு அடிமட்டத்துக் கிளப்புகள் மற்ற கிளப்புகளின் வாக்கைக் கேட்டுத் தப்பலாம். அதன்பின் கடைசி அணி தானாகவே லீகைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது; அதன் இடத்துக்குக் கீழ் லீகிலிருந்து ஓர் அணி வரும். 1987இல் இப்படி முதலில் உள்ளே வந்த கிளப் ஸ்கார்பரோ. 1999 மே 8 அன்று, கடைசி ஆட்டத்துக்கு முன், அதே ஸ்கார்பரோ 47 புள்ளிகளோடும் கார்லைல் 46 புள்ளிகளோடும் நின்றன. 1928 முதல் லீகில் இருந்த கார்லைலுக்கு வெற்றி தேவை. ஸ்கார்பரோ வெல்லவும் கூடாது.

கார்லைலின் மைதானமான பிரண்டன் பார்க்கில் எதிரணி பிளிமத் ஆர்கைல் முதலில் கோல் போட்டது. டேவிட் பிரைட்வெல் சமன் செய்தார். ஸ்கார்பரோ தன் ஆட்டத்தை 1-1 என டிரா செய்து முடித்துவிட, அதன் ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கிக் கொண்டாடத் தொடங்கினார்கள். கார்லைலில் இன்ஜுரி டைமும் கரைந்துகொண்டிருந்தது. கடைசியாக ஒரு கார்னர் கிக். பயிற்சியாளர் நைஜல் பியர்சன் கையசைக்க, கிளாஸ் தன் கோலைக் காலியாக விட்டு எதிரணிப் பெட்டிக்குள் ஓடினார். கிரஹாம் ஆன்டனி அடித்த பந்தை ஸ்காட் டோபி தலையால் முட்டினார். பிளிமத் கோல்கீப்பர் தடுத்த பந்து கிளாஸின் முன்னால் வந்து விழுந்தது. வலது காலால் அடித்தார். 2-1. கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. கார்லைல் 49, ஸ்கார்பரோ 48.

கார்லைலுக்காகக் கிளாஸ் ஆடிய மூன்றாவது ஆட்டமும் கடைசி ஆட்டமும் அதுதான். கிளப் அவரை நிரந்தரமாக எடுத்துக்கொள்ளவில்லை. கோல்கீப்பரைத் தேடும் கிளப்புக்கு அவர் போட்ட கோல் ஒரு தகுதியாகப்படவில்லை போலும். கேம்பிரிட்ஜ், பிரென்ட்ஃபோர்ட், ஆக்ஸ்ஃபோர்ட் என்று சுற்றி, 27 வயதில், 2001இல், தொழில்முறை ஆட்டத்திலிருந்து விலகினார். பின்பு டார்செட்டில் டாக்ஸி ஓட்டினார். சூதாட்டப் பழக்கத்தோடு தான் பட்ட பாட்டைத் தன்வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார்.

ஸ்கார்பரோ லீகுக்குத் திரும்பவேயில்லை. 2007இல் கடன் சுமையால் கலைக்கப்பட்டது. கிளாஸ் காப்பாற்றிக் கொடுத்த கார்லைலும் 2004இல் லீகிலிருந்து இறங்கி, மறு ஆண்டே ஏறிவந்தது. பின்னாளில் பிரீமியர் லீகுக்கு உயர்ந்த போர்ன்மவுத், ஆட்டக்காரர்களின் அன்றாடத் தேவைகளைக் கவனிக்கும் பணியில் கிளாஸை அமர்த்தியது.