காகிதமும் துப்பாக்கியும்: வடசென்னை ஊர்கள் கம்பெனியின் கைக்குப் போன விதம், 1693–1765

போரில் சிதைந்த நாடுகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒரு தராசை மனத்தில் வைத்துக்கொண்டே எழுதுகிறார்கள். மைய அரசு தாழ்ந்தால் போர்ப்பிரபுக்கள் உயர்வார்கள், மையம் உயர்ந்தால் இவர்கள் தாழ்வார்கள் என்பது அதன் கணக்கு. 2001க்குப் பிந்தைய ஆப்கானிஸ்தானைப் பற்றிய விவாதங்களில் இதை அடிக்கடி காணலாம். ஆனால் ஹெராத்தின் இஸ்மாயில் கான் அந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை. ஈரான் எல்லையில் வசூலான சுங்கத்தைக் காபூலுக்கு அனுப்பாமல் தன் படையை வளர்த்த அவர், அதே காபூல் அரசின் ஆளுநராகவும் இருந்தார். 2004இல் அவரைப் பதவியிலிருந்து இறக்கிய அதிபர் கர்சாய், அமைச்சராக்கித் தலைநகரில் உட்கார வைத்தார். மையம் பலவீனமாக இருந்தபோதும் அது தரும் பட்டத்துக்கு விலை இருந்தது. பலவீனமாக இருந்ததால்தான் அந்த விலை ஏறியது என்பதே இக்கட்டுரையின் வாதம். அதற்குச் சான்று தேடக் காபூல்வரை போக வேண்டியதில்லை. தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர்வரையுள்ள ஊர்கள் கைமாறிய வரலாறே போதும்.

சென்னையின் முதல் பத்திரமே அப்படிப்பட்டதுதான். 1639இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இடம் தந்தவர் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர். பெயரளவில் அவர் விஜயநகர அரசரின் ஆள். அந்த அரசோ சந்திரகிரியில் ஒடுங்கிக் கிடந்தது. அப்படியிருந்தும் 1645இல் மூன்றாம் ஸ்ரீரங்கரிடமிருந்து கம்பெனி உறுதிச்சாசனம் வாங்கிக்கொண்டது. மறு ஆண்டே கோல்கொண்டாவின் மீர் ஜும்லா வந்துவிட்டார். காகிதம் புதுப்பிக்கப்பட்டது. 1672இல் ஆண்டு வாடகை 1,200 வராகன் என்று நிலைபெற்றது.

கோல்கொண்டாவுக்குப் பின் வந்த முகலாயர் காலத்தில் விஷயம் சிக்கலாகிறது. ஔரங்கசீப் தக்காணத்திலேயே முகாமிட்டிருந்தார். அவருடைய தளபதி சுல்ஃபிகார் கானோ செஞ்சிக்கோட்டையை 1690 முதல் 1698வரை முற்றுகையிட்டபடியே இருந்தார். உள்ளே மராத்திய அரசர் ராஜாராம். முற்றுகை நீண்டதற்குக் காரணம் கோட்டையின் வலிமையா, தளபதியின் உள்நோக்கமா என்ற ஐயம் அன்றே எழுந்தது. இந்த இழுபறிக்கு நடுவே, 1693இல், தண்டையார்பேட்டை, புரசைவாக்கம், எழும்பூர் மூன்றும் முகலாயர் தரப்பிலிருந்து கம்பெனிக்குக் கிடைத்தன.

அடுத்து வந்தவர் முகலாயரின் நவாபு தாவூத் கான் பன்னி. 1702இல் அவர் சென்னையைச் சுற்றிவளைத்து, உள்ளே சரக்கோ தானியமோ போகவிடாமல் ஏறக்குறைய மூன்று மாதம் தடுத்தார். கவர்னர் தாமஸ் பிட் கோட்டைக்குள்ளிருந்து பேரம் பேசினார். கடைசியில் 25,000 ரூபாய் கைமாறியதும் முற்றுகை விலகியது. அதே தாவூத் கான் 1708இல் திருவொற்றியூர், கத்திவாக்கம், சாத்தாங்காடு, வியாசர்பாடி, நுங்கம்பாக்கம் என ஐந்து ஊர்களைக் கம்பெனிக்கு வழங்கினார். முதலாவதைக் கொள்ளை என்றும் இரண்டாவதைக் கொடை என்றும் பிரித்து எழுதுவது வழக்கம். எனக்கு இரண்டும் ஒரே வியாபாரத்தின் இரண்டு தவணைகளாகவே படுகின்றன. 1707இல் ஔரங்கசீப் இறந்துவிட்டார், வாரிசுப் போர் நடந்தது. நாளைக்குத் தன் பதவி நிலைக்குமா என்று தெரியாத அதிகாரி, கையிலுள்ள அதிகாரத்தை இன்றே காசாக்கப் பார்ப்பதில் வியப்பில்லை. வாங்குபவருக்கும் அவசரம்தான். 1715இல் புர்ஹான்பூர் அருகே சையது ஹுசைன் அலியின் படையோடு மோதித் தாவூத் கான் மாண்டார்.

அதற்கு முன்பே, 1711இல், ஐந்து ஊர்களும் திரும்பப் பறிக்கப்பட்டிருந்தன. இப்போது ஆற்காட்டில் நவாபு சாதத்துல்லா கான். முந்தைய நவாபின் எழுத்து அவரைக் கட்டுப்படுத்தவில்லை. எனவே கம்பெனி நவாபைத் தாண்டி மேலே போயிற்று. ஜான் சர்மனின் தூதுக்குழு டெல்லியில் காத்துக்கிடந்து, முகலாயப் பாதுஷா ஃபரூக்சியரிடமிருந்து 1717இல் அந்த ஊர்களுக்கு உரிமை தரும் ஃபர்மானை, அதாவது அரசாணையை, பெற்றது. அந்தப் பாதுஷாவோ சையது சகோதரர்களின் பிடியில் இருந்தவர். இரண்டே ஆண்டில் அவர்களால் அரியணையிலிருந்து இழுத்து இறக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். தன் தலையைக் காத்துக்கொள்ள முடியாதவரின் முத்திரை திருவொற்றியூரில் என்ன செய்யும்?

ஃபர்மான் வந்தும் ஊர் தானாக வரவில்லை. கவர்னர் ஜோசஃப் காலெட் ஊர்களை எடுத்துக்கொள்ள முனைந்தபோது நவாபு தரப்பு எதிர்த்தது. திருவொற்றியூரில் ஆயுத மோதலே நடந்தது. கம்பெனிப் படை வந்தவர்களை விரட்டியது. துப்பாக்கிதான் ஊரைப் பிடித்தது என்று இதைப் படிக்கலாம். அது பாதி உண்மை. சாதத்துல்லா கானும் பாதுஷாவின் பெயரால்தான் ஆண்டார். ஃபர்மானை வெளிப்படையாக மறுத்தால் தன் பட்டமும் செல்லாது. அதனால்தான் மோதல் ஓர் ஊரின் எல்லையோடு நின்றது, முழுப்போராக வளரவில்லை. துப்பாக்கி ஊரைப் பிடித்தது, காகிதம் சண்டையின் அளவைக் கட்டுப்படுத்தியது.

பிடித்த ஊரை வைத்து என்ன செய்தார்கள் என்பதற்குக் காலடிப்பேட்டை சாட்சி. நெசவாளரையும் துணிக்குச் சாயமெழுதுவோரையும் குடியமர்த்தி உருவான பேட்டை அது. காலெட் பேட்டை என்பதே பேச்சில் மருவிற்று. கல்யாண வரதராஜப் பெருமாள் கோயில் இன்றும் அங்கே இருக்கிறது. படைகள் குறுக்கும் நெடுக்கும் போகும் நாட்டில் தறியைத் தூக்கிக்கொண்டு நகரக்கூடியவரே அரிய செல்வம். அவரை ஈர்க்க ஆயுதக் காவல் வேண்டும், துணி வாங்க முன்பணம் வேண்டும், கும்பிடக் கோயிலும் வேண்டும். பாளையக்காரரும் ஜமீன்தாரும் பேட்டை கட்டிக் குடியேற்றியது இப்படித்தான். இந்த அளவில் கம்பெனியும் கடற்கரைப் பாளையக்காரர்தான்.

அராஜகத்துக்கு நடுவே ஒழுங்கின் தீவாகக் கம்பெனி இருந்தது என்ற பழைய ஆங்கிலேய வரலாற்றெழுத்துக்கு இது ஒத்துவராது. அந்த அராஜகத்தில் கம்பெனியும் ஒரு பங்காளி. சமூகவியலாளர் சார்லஸ் டில்லி 1985இல் அரசு உருவாக்கத்தைப் பாதுகாப்பு என்ற பெயரில் மிரட்டிப் பணம் பறிப்பதோடு ஒப்பிட்டு எழுதியது தாவூத் கானுக்கும் பிட்டுக்கும் நன்றாகவே பொருந்தும். ஆனால் டில்லியின் ஐரோப்பியச் சித்திரத்தில் காகிதத்துக்கு இவ்வளவு இடமில்லை. வரலாற்றாசிரியர் ஆந்த்ரே விங்க் மராத்தியரை வைத்துச் சொன்னது இன்னும் நெருக்கம்: கலகமும் சமரசமும் முகலாய இறைமைக்கு வெளியே நடந்தவை அல்ல, அது இயங்கிய முறையே அதுதான். கிளர்ச்சிக்காரரையும் மாமன்னரின் பட்டியலுக்குள் இழுத்துக்கொள்ளும் அரசு, படை தேய்ந்த பின்னும் பட்டியலை வைத்திருந்தது. அந்தப் பட்டியலில் பெயரில்லாதவர் பக்கத்து ஊர்க்காரரிடம் உரிமை பேச முடியாது.

1740க்குப் பின் ஆற்காடே உடைந்தது. மராத்தியரோடு நடந்த போரில் நவாபு தோஸ்த் அலி இறந்தார். மகன் சஃப்தர் அலி தன் குடும்பத்தைப் பாதுகாப்புக்காகச் சென்னைக்கு அனுப்பினார். 1742இல் எர்ணாவூர், சடையங்குப்பம், பெரம்பூர், வேப்பேரி, புதுப்பாக்கம் ஆகியவை கம்பெனிக்கு வந்தன. அதே ஆண்டு வேலூரில் சஃப்தர் அலி கொல்லப்பட்டார். முன்பு பணம் கேட்டு வந்த நவாபுகள் இப்போது அடைக்கலம் கேட்டு வந்தார்கள். கொடுப்பதற்கு அவர்களிடம் மிஞ்சியிருந்தது ஊர்ப்பெயர்கள் எழுதிய காகிதம்தான்.

1763இல் நவாபு முகம்மது அலி செங்கல்பட்டுப் பகுதியையே ஜாகீராக, அதாவது வரி வசூல் உரிமையுள்ள நிலமாக, கம்பெனிக்குக் கொடுத்தார். இந்தக் கட்டத்தில் கம்பெனியை எதிர்த்துக் கேட்க ஆற்காட்டில் ஆளில்லை. இருந்தும் 1765இல் அலகாபாத்தில் தங்கியிருந்த இரண்டாம் ஷா ஆலமிடம் அதற்கு உறுதி வாங்கினார்கள். டெல்லிக்குள் நுழையவே 1772வரை காத்திருந்த பாதுஷா அவர். அப்படி உறுதிப்பட்ட ஜாகீரை 1780வரை கம்பெனியிடமிருந்து குத்தகைக்கு எடுத்து வரி வசூலித்தவர், அதைக் கொடுத்த முகம்மது அலியேதான்.