வதந்தி (இணையத் தொடர்)

ஆண்ட்ரூ லூயிஸ் எழுதி இயக்கிய தமிழ் உளவியல் குற்றத் தொடர். புஷ்கர்–காயத்ரி தயாரிப்பில், 8 அத்தியாயங்களாக, அமேசான் பிரைம் வீடியோவில் 2022 டிசம்பர் 2 அன்று வெளியானது. இசை சைமன் கே. கிங்.

கன்னியாகுமரிப் பகுதியில், சினிமாப் படப்பிடிப்பு நடந்த இடத்தில் ஒரு பெண்ணின் உடல் கிடைக்கிறது. பிரபல நடிகை இறந்துவிட்டதாகச் செய்தி பரவ, அந்த நடிகை உயிரோடு வந்து நிற்கிறார். இறந்தவள் வெலோனி என்ற இளம்பெண். சப்-இன்ஸ்பெக்டர் விவேக் (எஸ்.ஜே. சூர்யா) விசாரணையில் மூழ்கி, தன் குடும்ப வாழ்வையே குலைத்துக்கொள்கிறார்.

தொடரின் உயிர் வெலோனிக்கும் (சஞ்சனா) அவள் தாய் ரூபிக்கும் (லைலா) இடையிலான உறவு. ரூபி ஆங்கிலோ-இந்தியப் பெண். தனியாளாக விடுதி நடத்துபவர். ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி மகளைக் கண்டிக்கிறார். மகளுக்கு அந்த வீடே மூச்சுமுட்டுகிறது. அன்பில்லாத தாயல்ல ரூபி. ஆனால் அந்த அன்பு மகளிடம் போய்ச் சேரும்போது சந்தேகமாகவே சேர்கிறது. வெலோனியைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். நாசர் ஏற்ற எழுத்தாளர் பாத்திரம் அவளை நாவலாகவே எழுதிவிடுகிறது. அவள் குரல் மட்டும் கடைசியில்தான் கேட்கிறது.

படப்பிடிப்பு அரங்குகளுக்குள் அடங்காத நிலவெளி இக்கதையுடையது. தொடரின் நடுப்பகுதி நீளம்தான். ஆனாலும் தாய்–மகள் பிணக்கை இவ்வளவு பொறுமையாக அணுகிய தமிழ்க் குற்றத் தொடர்கள் மிகக் குறைவு.