இலண்டன் மாநகரின் இரு முடக்கங்கள்

கொள்ளைநோய் வந்துற்றபோது மக்களை வீட்டினுள் அடைத்தல் பண்டுதொட்டு வந்த வழக்கமாகும். அம்முடக்கம் நோயின் பரவலை மட்டுமன்றி, நகரத்தார் உயிர்க்கும் காற்றையும் மாற்றவல்லது. ஆயின், அம்மாற்றம் நிலைபெறுமா? இவ்வினாவுக்கு இலண்டன் மாநகரின் வரலாறு விடை பகர்கின்றது.

1665 ஆம் ஆண்டில் அந்நகரைப் பெருங் கொள்ளைநோய் பற்றியது. நோயாளர் இருந்த வீடு நாற்பது நாள் பூட்டப்பட்டது. கதவிலே செஞ்சிலுவை தீட்டப்பட்டது. நோயற்ற குடும்பத்தினரும் உள்ளேயே அடைபட்டனர். கெட்ட காற்றே நோய்க்கு மூலம் என அக்கால மருத்துவர் பலர் கருதினர். ஆதலின், காற்றைத் தூய்மையாக்கும் பொருட்டுச் செப்டெம்பரிலே தெருக்களில் பெருந்தீ மூட்டுமாறு ஆணை பிறந்தது. சில நாளில் மழை அத்தீயை அவித்தது; நோயோ அவியவில்லை. அவ்வாண்டின் மரணப் பட்டியல்கள் கொள்ளைநோயால் இறந்தோர் 68,596 பேர் எனக் காட்டின; உண்மைத் தொகை அதனினும் மிக்கது என்பர் வரலாற்றாசிரியர். அந்நோயை விளைப்பது ஒரு பற்றீரியா என்பது 1894 இலேயே கண்டறியப்பட்டது.

2020 மார்ச்சு 23 ஆம் நாள், கொரோனா நோயின் பொருட்டு இலண்டன் உட்பட நாடு முழுவதற்கும் முடக்கம் அறிவிக்கப்பட்டது. ஒருவரிடமிருந்து சராசரியாக ஏறத்தாழ மூவருக்குப் பரவிய நோய், சில வாரங்களில் ஒருவருக்கும் குறைவாகவே பரவலாயிற்று. மோட்டார் வண்டிகள் அருகவே, தெருவோரக் காற்றில் நைதரசனீரொட்சைட்டும் குறைந்தது. ஆயினும் ஓசோன் கூடியது. நுண்துகள்களைப் பிற இடத்துக் காற்று கொணர்ந்தமையால் அவை அத்துணை குறையவில்லை. முடக்கம் தளர்ந்ததும் வண்டிகள் மீண்டன. நச்சு வாயுவும் மீண்டது. குளிர்காலத்திலே நோயும் பெருகி மீண்டது.

முன்னோர் புகையெழுப்பிக் காற்றைத் தூய்மையாக்க முயன்றனர். பின்னோர் நோய்க்கு அஞ்சி ஒடுங்கியதால் புகை தானே குறைந்தது. எனினும் இரண்டும் நிலைத்த பயனைத் தரவில்லை. நிலக்கரிப் புகையின் கேட்டை ஜோன் ஈவ்லின் 1661 இலேயே நூலெழுதி எடுத்துரைத்தார். ஆயினும், 1952 டிசெம்பரில் நச்சுப் புகைமூட்டம் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற பின்னரே, 1956 இல் தூய காற்றுச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டம் எவரையும் வீட்டினுள் அடைக்கவில்லை. புகையின் மூலத்தையே கட்டுப்படுத்தியது. 2020 டிசெம்பரில் அந்நாட்டில் ஏற்றத் தொடங்கிய தடுப்பூசியும் அத்தகையதே.

முடக்கம் அவகாசம் தரும்; தீர்வு தராது. பெற்ற அவகாசத்தில் மூலத்தைக் களைவோரே நோயையும் புகையையும் வெல்வர்.