வெள்ளகோவிலும் மின்சாரக் கம்பியும்

வடக்கே நொய்யலும் தெற்கே அமராவதியும் ஓடியும், இரண்டின் நீரும் எட்டாத மேட்டு நிலத்தில் அமைந்த வெள்ளகோவிலின் சரித்திரத்தை அறிய விரும்புகிறவர், பாறையை வெட்டி இறக்கிய பழைய சதுரக் கிணறு ஒன்றின் கரையில் சற்று நேரம் நின்று பார்ப்பது நலம். ஆண்டுக்கு ஏறக்குறைய 600 மில்லிமீட்டர் மழையே பெய்யும் இந்த வறண்ட பூமியில் குடியானவனுடைய செல்வமும் கௌரவமும் கடனும் கலியாணமும் அந்தக் கிணற்றின் ஆழத்தைப் பற்றியே நின்றன. அந்தக் கிணற்றுக்குள் மின்சாரம் இறங்கியபோது, மனிதர் ஒருவருக்கொருவர் கொண்டிருந்த பந்தமும், அவர்கள் அரசாங்கத்தோடு வைத்திருந்த உறவும் அடியோடு மாறின.

மின்சாரத்துக்கு முன்பு தண்ணீர் இறைத்தது கவலை. கிணற்று வாயில் நட்ட மரக்கால்களின் மேல் உருளை; அதன்மேல் ஓடும் வடக்கயிற்றின் நுனியில் சால்; சாலின் அடியில் தோலால் தைத்த நீண்ட தும்பி. காங்கேயம் எருதுகள் இரண்டும் சரிந்து செல்லும் வாரியில் இறங்க, ஓட்டுகிறவன் கயிற்றின்மேல் அமர்ந்து தன் பாரத்தையும் சேர்த்துக் கொடுப்பான். சால் மேலே வந்ததும் தும்பியின் வழியே நீர் தொட்டியில் கொட்டும். எருதுகள் பின்னடியாகவே நடந்து வாரியின் தலைக்கு வந்து சேரும். விடியற்காலத்திலேயே தொடங்கி வெயில் ஏறும்வரை இவ்வாறு இறைத்தாலும் நனையும் நிலம் சிறிதே. ஆனால் எருதின் மூச்சுக்கு ஓர் எல்லை உண்டு என்பதனால் கிணற்று நீருக்கும் ஓர் எல்லை காக்கப்பட்டது; இரவில் கவலை ஓய்ந்தபோது ஊற்று மீண்டும் ஊறிற்று.

அந்தத் தோல் தும்பியைத் தைத்தும் பழுது பார்த்தும் கொடுத்தவர்கள் அருந்ததியர். அந்த வேலைக்கும், பண்ணையாளாகப் பட்ட பாட்டுக்கும் அவர்களுக்குக் கிடைத்தது களத்து மேட்டில் அளந்து தரும் தானியமும், தலைமுறை தலைமுறையாகத் தீராத கடனும். மோட்டார் வந்த தோட்டத்தில் தும்பிக்கு வேலை இல்லை. தும்பியோடு சேர்ந்து அந்தப் பழைய பந்தமும் அறுந்தது. உரிய தானியத்தை இழந்தவர்களுக்கு அது முதலில் பட்டினியாகவே வந்திருக்கும் என்பதை மறக்கலாகாது. ஆயினும், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பண்ணையார் வாசலில் நில்லாமல் தறிக்கூடத்துக்கும் திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்கும் சென்று வாரக் கூலி வாங்கியதை நான் இந்தச் சரித்திரத்தின் மிக நல்ல பகுதியாகவே கருதுகிறேன்.

நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் இயங்கத் தொடங்கியதும், அந்த மின்சாரத்தை முதலில் உண்டு வளர்ந்தவை கோயமுத்தூர் நூற்பாலைகள். கோவையிலேயே மோட்டாரும் பம்பும் வார்க்கும் பட்டறைகள் பெருகி, 1957-இல் சென்னை ராஜ்ய மின்சார வாரியமும் ஏற்பட்ட பிறகு, கம்பி கிராமங்களை நோக்கி வேகமாக நடந்தது. மழைக்காக வானத்தைப் பார்த்திருந்த விவசாயி அன்று முதல் வாரியத்தின் கட்டண அறிவிப்பையும் பார்க்கலானான். இந்த வட்டாரத்து அரசியலின் திருப்பம் இங்கேதான் இருக்கிறது. வானத்தோடு சண்டை போட முடியாது, வாரியத்தோடு போடலாம்.

அந்தச் சண்டை வந்தது. பைசாக் கணக்கில் அமைந்த மின்கட்டண உயர்வை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியில், 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் போலீஸார் சுட்டு மூன்று விவசாயிகள் மாண்டார்கள். வையம்பாளையம் நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் 1972-இல் போராட்டம் மீண்டும் மூண்டபோது, மாட்டு வண்டிகள் கோவை நகரத் தெருக்களை அடைத்து நின்றன. அவ்வாண்டு ஜூலை 5 அன்று வீழ்ந்தவர்களை விவசாயிகள் சங்கங்கள் இன்றும் ஆண்டுதோறும் நினைவுகூர்கின்றன. சிறு விவசாயிகளுக்கு எம்.ஜி.ஆர். ஆட்சியில் இலவசமாகிய மின்சாரம், கருணாநிதி 1989-இல் மீண்டும் பதவிக்கு வந்த பிறகு எல்லா விவசாயிகளுக்கும் இலவசமாயிற்று. 2003-இல் ஜெயலலிதா ஆட்சி அதைத் திரும்பப் பெற்றாலும், 2004-இல் மீண்டும் வழங்க நேர்ந்தது. ரத்தம் சிந்திப் பெற்ற அந்த உரிமையைப் பழிக்க எனக்கு மனம் வராது. ஆனால் அளவில்லாமல் இறைத்ததில் நிலத்தடி நீர் கீழே கீழே போய், சதுரக் கிணறுகள் வறண்டு, ஆழ்துளைக் குழாய்கள் பாறையைத் துளைத்துக்கொண்டே சென்றன என்பதும் உண்மை. பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் கடைமடையான வெள்ளகோவில் பகுதி, தன் பங்குத் தண்ணீருக்காக அடிக்கடி போராட வேண்டியிருப்பது இந்தத் துயரத்தை இன்னும் கூட்டுகிறது.

கிணற்றுக்கு வந்த கம்பி தறிக்கும் வந்தது. கைத்தறியைக் காக்க வேட்டியையும் சேலையையும் அதற்கே ஒதுக்க வேண்டும் என்று ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது வாதாடினார். 1954-இல் கனுங்கோ கமிட்டியோ கைத்தறியைப் படிப்படியாக விசைத்தறியாக மாற்றச் சொல்லிற்று. சட்டங்கள் ஒரு பக்கம் இருக்க, மேற்கு மாவட்டங்களில் நடந்தது கமிட்டி சொன்னதுதான். தண்ணீர் குறைந்த தோட்டத்தின் மூலையில் ஓடு வேய்ந்த கூடம் எழுந்து, நாலைந்து விசைத்தறிகளின் ஓசை கேட்கலாயிற்று. பாவும் ஊடு நூலும் வியாபாரி கொடுப்பான். தறிக்காரர் நெய்து கொடுத்துக் கூலி வாங்குவார். தறி தமக்குச் சொந்தம் என்றாலும் துணியின் விலையில் அவருக்குப் பேச்சில்லை. கூலி உயர்வுக்காகத் தறிகளை நிறுத்திப் போராடுவது இவ்வட்டாரத்தில் ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. விசைத்தறிக்கும் அரசாங்கம் 2006 முதல் இலவச யூனிட்டுகள் வழங்கி, 2023-இல் அதை இரு மாதத்துக்கு 1000 யூனிட்டாக உயர்த்தியது.

எருதுகள் என்ன ஆயின? கவலையும் வண்டியும் போன பின் காங்கேயம் மாடுகளின் தொகை வெகுவாகக் குறைந்தது. கிளுவை வேலி சூழ்ந்த மேய்ச்சல் நிலங்களாகிய கொறங்காடுகளும், சித்திரையில் கூடும் கண்ணபுரம் மாட்டுச் சந்தையும் அந்த இனத்தை இன்னும் தாங்கி நிற்கின்றன.

2018-ஆம் ஆண்டின் கடைசியில் கம்பியின் பேரால் மேற்கு மாவட்டங்களில் மற்றொரு போராட்டம் மூண்டது. உயர்மின் கோபுரங்களைத் தங்கள் நிலத்தில் நடுவதை எதிர்த்து விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அப்போது வெள்ளைக்காரன் தந்திக் கம்பி இழுப்பதற்காக 1885-இல் செய்த சட்டத்தின் அதிகாரமே அவர்கள் வயல்களில் பிரயோகிக்கப்பட்டது. மின்சாரத்தால் வாழ்ந்த விவசாயி மின்சாரத்தின் பகைவன் அல்லன். தன் நிலத்தில் கோபுரம் நடும் முன் தன் சம்மதத்தைக் கேட்க வேண்டும், நட்டால் வாடகை தர வேண்டும் என்பதே அவன் முறையீடு. ஆளுவோர் அதைக் கேட்டுச் சட்டமாக்கித் தரவேண்டும்.