வீட்டுக்கல்விக்கு யார் துணை? சீகிரியாவை முன்வைத்து ஓர் ஆய்வு

இலங்கையில் பிள்ளையை வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்க நினைக்கும் பெற்றோருக்கு முதலில் எழும் கேள்வி, சட்டம் இடம் கொடுக்குமா என்பதுதான். 1939ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 1997இல் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதி, 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புவதைப் பெற்றோரின் கடமையாக்கியது. 2016இல் மேல்வயது 16 ஆனது. ஆனால், பிள்ளையின் கல்விக்குப் போதிய, பொருத்தமான வேறு ஏற்பாட்டைச் செய்திருக்கும் பெற்றோரை அதே ஒழுங்குவிதி அந்தக் கடமையிலிருந்து விலக்குகிறது.

வழி இருக்கிறது. அந்த வழியில் போகும் குடும்பத்துக்குக் கைகொடுக்க ஆள்தான் இல்லை.

படிப்பதற்கான பொருளில் குறையேதும் சொல்ல முடியாது. 1980 முதல் அரசு இலவசமாகக் கொடுத்துவரும் பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையதளத்திலிருந்து தமிழிலேயே தரவிறக்கிக்கொள்ளலாம். மஹரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகள் அதைவிடப் பெறுமதியானவை. ஓர் அலகுக்கு எத்தனை பாடவேளை, எந்தச் செயற்பாடு, பிள்ளை விளங்கிக்கொண்டதை எப்படிக் கண்டறிவது என்று படிப்படியாகச் சொல்பவை அவை. ஆசிரியப் பயிற்சி பெறாத தாய்க்கோ தகப்பனுக்கோ உண்மையில் தேவைப்படுவது இதுதான். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் மும்மொழியிலும் பாடங்கள் இருக்கின்றன. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றவும் வழியுண்டு.

இவ்வளவு இருந்தும் போதாது என்பதைப் பெருந்தொற்றுக் காலம் காட்டிவிட்டது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது நாட்டின் எல்லா வீடுகளும் வகுப்பறைகளாயின. மலைப்பகுதியிலுள்ள பொஹிட்டியாவக் கிராமத்துப் பிள்ளைகள் அலைபேசிக்கு சிக்னல் தேடிக் காட்டுவழியே பாறை ஏறினார்கள், மரத்திலும் ஏறினார்கள். அவர்களோடு ஏறியவர்களில் அவர்களது ஆசிரியையும் ஒருவர். அந்த ஆசிரியை இல்லாதிருந்தால் பாறை உச்சியில் கிடைத்த சிக்னலால் மட்டும் என்ன பயன்?

சீகிரியாவில் இதே கேள்வி வேறு விதமாக எழுகிறது. தம்புள்ளை–ஹபரணை வீதியில் இனாமலுவைச் சந்தியில் திரும்பி உள்ளே வரும் இந்தப் பகுதி யானைக் காடு. இருட்டிய பிறகு பிள்ளையை ரியூஷனுக்கு அனுப்பப் பெற்றோர் யோசிப்பார்கள். சுற்றிலும் சிங்களக் கிராமங்கள். மாத்தளை மாவட்டத்துத் தமிழர் பெரும்பாலும் மாத்தளை நகரையும் தெற்கே மலைத் தோட்டங்களையும் சார்ந்தே வாழ்வதால், தமிழில் வீட்டுக்கல்வி தரும் குடும்பம் இங்கே தனித்துத்தான் நிற்க வேண்டும்.

அதே சமயம், வேறெந்த ஊரும் தர முடியாத பாடம் இங்கே கண்முன் கிடக்கிறது. சீகிரியாப் பாறைக் கோட்டையைக் கட்டிய மன்னன் காசியப்பன் காலத்து நீர்ப்பூங்காவில் துளையிட்ட வட்டச் சுண்ணக்கல் தகடுகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. மழைக்காலத்தில் அத்துளைகளின் வழியே இன்றும் நீர் பீறிட்டெழுகிறது. பம்பு கிடையாது, உயரமான இடத்தில் தேங்கும் நீரின் அழுத்தம் நிலத்தடிக் கால்வாய் வழியே வந்து செய்யும் வேலை அது. விஞ்ஞானப் புத்தகத்தில் திரவ அமுக்கத்தைப் படித்த பிள்ளை, அந்தத் தகட்டின் முன் குந்தியிருந்து, நீர் எங்கிருந்து வருகிறது என்று மேட்டை நோக்கி அளந்து பார்க்கலாம். பாறையில் மேலே ஏறினால் கண்ணாடிச் சுவர். அதன் பளபளப்பான சுண்ணப்பூச்சில் 8ஆம் நூற்றாண்டு முதல் வந்துபோனவர்கள் கீறிய பாடல்களில் 685ஐத் தொல்லியலாளர் செனரத் பரணவிதான படித்து 1956இல் பதிப்பித்தார். எழுதியவர்களில் துறவிகளும் அதிகாரிகளும் பெண்களும் உண்டு. கல்வெட்டெழுத்து எப்படி வாசிக்கப்படுகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடக்கூடம் இந்தத் தீவில் கிடைப்பது அரிது. ஆனால் தமிழ்ப் பிள்ளைக்கு அதை விளக்கிச் சொல்ல ஒருவர் வேண்டும்.

கட்டாயக் கல்வியைத் தளர்த்துவதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு. அதைப் புறந்தள்ள முடியாது. இதே மாத்தளை மாவட்டத்தின் தோட்டங்களில் பள்ளிக்கூடங்கள் நெடுங்காலம் துரைமாரின் தயவில் நடந்தன. 1970களில் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கிய பின்னரே அங்குள்ள பிள்ளைகள் தேசியக் கல்வி முறைக்குள் வந்தார்கள். ‘வீட்டில் படிக்கிறாள்’ என்ற ஒரு சொல்லால் லயத்துச் சிறுமி ஒருத்தி கொழும்பில் வீட்டு வேலைக்குப் போவது மறைக்கப்படுமானால், அந்த விலக்கு இல்லாதிருப்பதே மேல். ஆகவே வீட்டுக்கல்விக்குத் துணையும் கண்காணிப்பும் ஒன்றாகவே வர வேண்டும்.

அத்தகைய துணைக்கு அயல்நாட்டில் ஓர் உதாரணம் உண்டு. இந்தியாவில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வீட்டுக்கல்வியைத் தெளிவாகச் சொல்லாமல் விட்டது. அங்கே குடும்பங்களுக்குக் கைகொடுத்தது 1989இல் நிறுவப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். 14 வயது நிரம்பியவர் வெளியிலிருந்தே பதிந்து பத்தாம் வகுப்புத் தேர்வெழுதலாம். இலங்கையிலும் தேசிய கல்வி நிறுவகத்தின் திறந்த பாடசாலைத் திட்டம் இருக்கிறது. அது முதன்மையாகப் படிப்பை இடையில் விட்டவர்களை நோக்கியது. வீட்டில் படிக்கும் பிள்ளையும் அதில் பதிவதற்கு வழி செய்ய வேண்டும்.

1997 ஒழுங்குவிதி ஊர்மட்டத்தில் பாடசாலை வரவுக் குழுக்களையும் ஏற்படுத்தியது. பாடசாலைக்கு வராத பிள்ளையைத் தேடிப் போவது அவற்றின் பணி. வீட்டில் படிக்கும் பிள்ளையின் பெயரையும் அதே குழு பதிந்துகொண்டு, தவணைக்கு ஒருமுறை வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் ஆசிரிய ஆலோசகரைத் தமிழறிந்தவராகப் பார்த்து அனுப்பலாம். அவர் பிள்ளையின் கொப்பியைப் புரட்டிப் பார்ப்பார், பெற்றோரின் சந்தேகங்களுக்கு விடை சொல்வார், பிள்ளை வீட்டில்தான் இருக்கிறதா என்பதையும் உறுதிப்படுத்துவார். அருகிலுள்ள பாடசாலையின் விஞ்ஞானகூடத்தை வாரத்தில் ஒரு பிற்பகல் திறந்துவிட்டால் வீட்டில் செய்ய முடியாத பரிசோதனைகளும் நடக்கும். இவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. கல்வி அமைச்சின் சுற்றறிக்கை ஒன்று போதும்.